டூரிங் பைக்கில் ஹார்ட் பாக்ஸ் மாட்டிய அனுபவம்: வடசென்னைக்காரர்கள் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை

எழுதுபவர்கள் பதிவின் மேலே உங்கள் ஏரியாப் பெயரைப் போடுங்கள்; நான் தண்டையார்பேட்டை. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411. அலுமினிய சைடு பாக்ஸ் இரண்டு, சீட்டுக்குப் பின்னால் மேலே வைக்கும் டாப் பாக்ஸ் கிடையாது. ஐப்பசி மழையிலும் ஓட்டியாயிற்று, கத்திரி வெயிலிலும் ஓட்டியாயிற்று. ஏரியாப் பசங்க பார்த்தால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை லிட்டர், எந்தக் கம்பெனி?" என்னைக் கேட்டால் அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. முதலில் ரேக்கை, அதாவது பெட்டியைத் தாங்கும் கம்பிச் சட்டத்தைப் பாருங்கள். அது சப்ஃப்ரேமை (சீட்டுக்கு அடியில் இருக்கும் பின்சட்டம்) எந்த இடத்தில் பிடிக்கிறது, இரண்டு பக்கத்தையும் பின்னால் இணைக்கிற குறுக்குக் கம்பி இருக்கிறதா, மாட்டிய பிறகு வண்டி எவ்வளவு அகலமாகும். இவை தெரிந்த பிறகு லிட்டர் பேசலாம்.

அகலத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், நம்ம பக்கத்து ரோடு அப்படி. ஹிமாலயனுக்கு சைலன்சர் வலது பக்கம் தூக்கலாகப் போகிறது. அதைத் தாண்டித்தான் வலது ரேக் வர முடியும். அதனால் வலது பெட்டி இடதைவிட வெளியே தள்ளி நிற்கும். எஸ்டபிள்யூ-மோட்டெக்கின் ட்ராக்ஸ் பெட்டி 37, 45 லிட்டர் என இரண்டு அளவில் வருகிறது. சைலன்சர் பக்கம் சின்னது, மறுபக்கம் பெரியது என்று மாட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக நிற்கும். ஒரே அளவில் இரண்டு பெரிய பெட்டி போட்டால் மொத்த அகலம் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். கம்பெனிக் கணக்கில் இந்த வண்டியின் அகலமே 840 மி.மீ. தான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போது, ஹேண்டில் நுழைந்தால் வண்டி நுழையும் என்று கை பழகியிருக்கும். பெட்டி மாட்டியதும் அந்தக் கணக்கு செல்லாது. டோல்கேட் தாண்டி ஒரு டிரெய்லருக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தேன். மேலே இருந்த கிளீனர் பையன் கதவைப் பட்பட்டென்று தட்டி, "அண்ணே, பெட்டி! பெட்டி!" என்று கத்தினான். குனிந்து பார்த்தால் வலது பெட்டியின் மூலைக்கும் டிரெய்லரின் டயருக்கும் நடுவில் என் உள்ளங்கை போகும் அளவுக்குத்தான் இடம். டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். நான் வண்டியைப் பின்னுக்குத் தள்ளினேன். பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஹாரன்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கடையில் பெட்டியின் அளவைக் கேட்டு, அதே அளவில் அட்டைப் பெட்டி வெட்டி ஒட்டி, கயிற்றால் வண்டியில் கட்டி, வீட்டு நடைக்குள் ஏற்றிப் பாருங்கள். எங்கள் சந்தில் அடிபம்ப், அதைச் சுற்றி அரை டஜன் பிளாஸ்டிக் குடம், அதற்கடுத்து எங்கள் கேட். அட்டைப் பெட்டி கேட்டில் உரசியதால்தான் 45-ஐ விட்டு 37 லிட்டரிலேயே நின்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பெட்டி மாட்டியவுடன் நீங்கள் டெலிவரி ஆள். டீக்கடையில் "எந்த ஆப் தம்பி?" என்பார்கள். இரவு ரோந்தில் நிறுத்தினால் திறந்து காட்டச் சொல்வார்கள். சாவியை உடனே எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

காசிமேடு

அண்ணா சொன்னதோடு உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கடல் காற்று ஒரு பங்கு என்றால், மீன் வண்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் மூன்று பங்கு. விடிகாலையில் துறைமுக வாசலில் ரோடு முழுக்க அதுதான். முன்னால் போகிற வண்டி அடிக்கிற தெறிப்பு நேராகப் பெட்டியின் அடியில் போய் உட்காரும்.

என் அலுமினியப் பெட்டியில் முதலில் கெட்டது போல்ட் போன இடங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பும். விரலால் தேய்த்தால் உதிரும், அடியில் சின்னச் சின்னக் குழி இருக்கும். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். அப்படிச் சேர்ந்தால் பேட்டரிக்குள் நடக்கும் வேலைதான் நடக்கும், கரைவது அலுமினியம். போல்ட்டை ஸ்டெயின்லெஸ்ஸில் மாற்றினால் துரு வராது என்று கடையில் சொல்வார்கள். போல்ட்டுக்கு வராது, வாஸ்தவம்தான்.

இப்போது எல்லா இடத்திலும் நைலான் வாஷர் போட்டு, மரையில் கிரீஸ் தடவி மாட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுகிறேன். பூட்டுத் துவாரத்தில் எண்ணெய் ஒரு சொட்டு. தங்கைக்கு வாங்கியபோது பிளாஸ்டிக் பெட்டியே எடுத்தோம். உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வெயிலில் நிறம் மங்கும், பலமாக அடிபட்டால் கீறல் விடும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கே.

அலுமினியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே பெயின்ட் அடிக்காத பெட்டி என்றால் துணியை நேராக வைக்காதீர்கள். உரசி உரசிச் சட்டையெல்லாம் சாம்பல் கறை, எந்த சோப்புக்கும் போகாது. உள்பை ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி

நான் வெல்டிங் வேலை பார்ப்பவன். ரேக் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

போனில் ஒரு போட்டோவைக் காட்டி, "இதே மாதிரி அடித்துக் கொடுங்க, பாதி விலை" என்று வருகிறார்கள். அடிக்க முடியும், அடித்தும் கொடுத்திருக்கிறேன். ஆனால் போட்டோவில் தெரியாதது மூன்று விஷயம். நல்ல கம்பெனி ரேக்கில் குழாயை மெஷினில் வளைத்திருப்பார்கள். உள்ளூரில் பல இடத்தில் வெட்டிக் கோணம் வைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டு கூடக் கூட விரிசல் விடும் இடமும் கூடும். இரண்டாவது, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். துரு பிடிக்காது என்று அதைக் கேட்டு வாங்குகிறார்கள். வெல்டு வைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டு வைத்தால் பிடிப்பும் சரியாக இருக்காது. அந்தப் புகையை இழுத்தால் எங்களுக்கு ராத்திரி காய்ச்சல். சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப்பில் அடித்துப் பவுடர் கோட்டிங் கொடுங்கள், போதும்.

மூன்றாவது அந்தக் குறுக்குக் கம்பி. வேறு ஒரு பட்டறையில் அடித்த ரேக்கோடு ஒரு பையன் வந்தான். குறுக்குக் கம்பியே இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு பெட்டியும் உள்ளே வெளியே என்று ஆடியிருக்கிறது. மேலே சப்ஃப்ரேமில் பிடிக்கிற பட்டையின் ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை வடிவத்துக்கு இழுத்துவிட்டது. கீழே வெல்டை ஒட்டினாற்போல் மயிரிழை விரிசல். வெல்டு நடுவில் பார்த்தால் சுத்தமாக இருக்கும், அதை நம்பாதீர்கள். சூடு பட்டு நின்ற ஓரத்தைப் பாருங்கள், உடைவது அங்கேதான். டார்ச் அடித்து, நகத்தால் வருடினால் தெரியும்.

வண்டியின் சப்ஃப்ரேமிலேயே நேராக வெல்டு வைக்கச் சொல்பவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். ரேக்கில் சின்ன வேலை என்றாலும் கழற்றிக் கொண்டுவாருங்கள். கழற்ற முடியாத நிலைமை என்றால் பேட்டரி வயரையாவது எடுத்துவிட வேண்டும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டியில் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போய்விட்டால் ரேக் விலையைப் போல் பல மடங்கு ஆகும்.

காசிமேடு தம்பி பிளாஸ்டிக் என்கிறார். எனக்கு அலுமினியம் பிடிக்கும், ஒரே காரணம்: டிங்கரிங் பண்ணலாம். தகடு 1.5 மி.மீ. தான் இருக்கும். மணல் மூட்டையில் வைத்து மரச்சுத்தியலால் பொறுமையாகத் தட்டினால் மூடி மறுபடி சரியாக உட்காரும். பிளாஸ்டிக் உடைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பெரம்பூர்

ஓட்டுபவர்களே பேசுகிறீர்கள். நான் பின்னால் உட்காருபவள், என் பக்கத்தையும் கேளுங்கள்.

சைடு பாக்ஸ் மாட்டினால் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது தனி வித்தை. புடவையில் முடியாது. வாங்கும்போது உங்கள் வீட்டம்மாவையும் கடைக்கு அழைத்துப் போய், ஃபுட்ரெஸ்ட்டில் கால் வைக்கச் சொல்லிப் பாருங்கள். குதிகால் பெட்டியில் இடித்தால் ஐம்பது கிலோமீட்டருக்குள் முழங்கால் வலி வந்துவிடும். எங்கள் ரேக்கில் பெட்டியைப் பின்னால் ஒரு ஓட்டை தள்ளி மாட்ட வழி இருந்தது, பிழைத்தேன்.

இடது ரேக் மாட்டுவதற்காக சாரி கார்டைக் கழற்றிவிட்டு, "பெட்டிதான் மறைக்கிறதே" என்றார்கள் கடையில். பெட்டியைக் கழற்றி வைத்த நாளில் என் துப்பட்டாவை யார் காப்பாற்றுவது? மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பிடிமானம், ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு மூன்றும் வேண்டும். 2020-இல் அதில் பெட்டிக்கான அளவையும் சேர்த்தார்கள்: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ. தாண்டக் கூடாது. பின் சீட்டில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போகலாம். சீட்டுக்குப் பின்னால் என்றால், மொத்த எடை கம்பெனி சொன்ன வரம்புக்குள் இருக்கும்வரை இரண்டு பேர் போகலாம். டாப் பாக்ஸ் வாங்குபவர்கள் டேப்போடு போங்கள்.

டாப் பாக்ஸ் எனக்குப் பிடிக்கும், சாய்ந்துகொள்ளலாம். அதனாலேயே அவர் எல்லாவற்றையும் அதில் திணிப்பார். கும்மிடிப்பூண்டி தாண்டி கொல்கத்தா ஹைவேயில் வேகம் எடுத்ததும் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் உதற ஆரம்பித்தது. தடாவில் நிறுத்தித் திறந்தோம். தண்ணீர் பாட்டில், செயின் ஆயில், டூல்ஸ், ஒரு கிலோ அல்வா! கனமானதையெல்லாம் சைடு பாக்ஸின் அடியில், முன்பக்கமாக மாற்றி, டாப் பாக்ஸில் ரெயின்கோட்டும் துணியும் மட்டும் வைத்தோம். அதற்கப்புறம் நெல்லூர் வரை உதறல் இல்லை. கிவி மாதிரி கம்பெனிகள் பெரிய டாப் பாக்ஸுக்கே 10 கிலோ, மணிக்கு 120 கி.மீ. என்று ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். நாற்பது லிட்டர் இடம் இருக்கிறது என்பதற்காக நாற்பது கிலோ வைக்கிற பொருள் இல்லை அது. பின் டயர் காற்று, ஷாக்கின் ப்ரீலோடு (ஸ்பிரிங்கின் இறுக்கம்) இரண்டையும் லோடு ஏற்றும் நாளில் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரியில் ஹெட்லைட் வானத்தைப் பார்த்தால் எதிரே வருபவன் திட்டுவான்.

எண்ணூர்

நான் ஹார்ட் பாக்ஸைக் கழற்றி விற்றுவிட்டேன். பழவேற்காடு பக்கம் மணலில் வண்டி சாயும்போது காலை ஊன்றுவது பழக்கம். வண்டி முன்னே நகர, ஊன்றிய காலின் மேல் பெட்டியின் அடி விளிம்பு வந்து ஏறியது. பூட்ஸ் இருந்ததால் கெண்டைக்காலில் வீக்கத்தோடு போயிற்று. மண், மணல் ரோடு அதிகம் ஓட்டுபவர்கள் துணிப்பை வகை பாருங்கள். பூட்டு இல்லை, அது ஒன்றுதான் குறை. தார் ரோடு மட்டும் என்றால் நீங்கள் சொல்வதெல்லாம் சரி.

தண்டையார்பேட்டை

எண்ணூர் தல சொல்வது நியாயம்தான். லடாக் கனவில் வாங்கி நெல்லூர் வரை மட்டும் போகிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர்.

மாட்டும் வரிசையை இன்பாக்ஸில் சிலர் கேட்டார்கள், இங்கேயே சொல்கிறேன். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் முறுக்குங்கள். இரண்டு பக்கமும் தொங்கலாக நிற்கட்டும். பிறகு குறுக்குக் கம்பி. அதுவும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கடைசி ஓட்டை ஒரு நூல் தள்ளி நிற்கும். கடைக்காரர் அதைக் கடப்பாரையால் நெம்பி மாட்டுவார், அந்த இழுவிசையோடேயே ரேக் காலம் முழுக்க நிற்கும். மரையில் நீல நிற லாக்டைட் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), சிவப்பு வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி எல்லாவற்றையும் பாருங்கள். முதல் முறை கண்டிப்பாக ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

அப்புறம் சைலன்சருக்கும் பெட்டிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி, பிளாஸ்டிக் என்றால் இன்னும் கூட. பின்னால் இருபதடி தள்ளி நின்று இண்டிகேட்டரும் நம்பர் பிளேட்டும் தெரிகிறதா பாருங்கள். ஆக்சில் நட்டுக்கு ஸ்பேனர் போகிறதா என்றும் பாருங்கள். 411-இல் டியூப் டயர், பஞ்சர் என்றால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். பஞ்சர் கிட்டை மட்டும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சாமான் எல்லாவற்றையும் ரோட்டோரம் கடை பரப்பிவிட்டுத்தான் எடுக்க முடியும்.

பெரம்பூர்

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றபோது எங்கள் பெட்டிக்குள் ஈரம் வந்தது அண்ணா. மூடி ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை

மேலே பார்க்காதீர்கள் அக்கா, பின்சுவரைப் பாருங்கள். ரேக்கில் மாட்டும் கொக்கிக்காகப் பெட்டியில் ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த போல்ட்டுகளில் ரப்பர் வாஷர் இல்லையென்றால் அந்த வழியாகத்தான் வரும். கழற்றி, வாஷர் வைத்து, சுற்றிலும் சிலிகான் தடவிவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். காலையில் பெட்டியின் உள்பக்கத்தைக் காயவைத்து டிஷ்யூ பேப்பர் போட்டு மூடி, வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் அடித்துப் பாருங்கள்.

வியாசர்பாடி அண்ணா, என் இடது ரேக்கின் கீழ் ஸ்டே (தாங்கு கம்பி) லேசாக உள்ளே மடங்கியிருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவரலாமா?

வியாசர்பாடி

காலையிலேயே வாங்க. எங்கள் பக்கம் பராமரிப்பு வேலை, ஒன்பதரைக்கு மேல் கரண்ட் இருக்காது. ரேக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துவந்தால் போதும்.