பள்ளி எரிந்த பிறகு ஊர் கூடிய நாட்கள்: மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம் வட்டாரம்

சேர்க்கைப் பதிவேடு எரிந்துபோனால் ஒரு பள்ளிக்கு என்ன நேரும் என்பதை இங்குள்ள ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1996ஆம் ஆண்டு எங்கள் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் அலுவலக அறையில் நள்ளிரவுக்குப் பின் மின்கசிவால் தீப்பிடித்தது. அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் இல்லாததால் கிணற்று மோட்டார்கள் ஓடவில்லை. வாய்க்கால் கரைத் தோட்டத்துக்காரர் ஒருவர் தம் ஆயில் என்ஜினை மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பக்கத்துக் கிணற்றில் பூட்டிய பிறகுதான் தண்ணீர் கிடைத்தது. வகுப்பறைகள் தப்பின, பீரோவில் இருந்த பதிவேடுகள் கரியாயின.

பழைய மாணவர்கள் தம் மாற்றுச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினால் அதைப் பார்த்துப் பதிவேட்டை மறுபடியும் எழுதலாம் என்று தண்டோரா போடச் செய்தோம். மாரியம்மன் கோயில் திண்ணையில் மேசை போட்டு மூன்று வாரம் உட்கார்ந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்களும், கோவையில் மில்லுக்குப் போனவர்களும், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பெண்களும் மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்கள். அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல், தங்கள் பெயரை நான் எழுதி முடிக்கும்வரை பலர் நின்று பார்த்தார்கள்.

ஒருநாள் மாலை இருபத்திரண்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். நான்காம் வகுப்பில் நின்றுபோனவர். மில் வேலைக்கு வயதுச் சான்று வேண்டுமென்று 1991இல் என்னிடம் வாங்கிச் சென்ற சான்றிதழை நெகிழித் தாளுக்குள் வைத்துக் காப்பாற்றியிருந்தார். பள்ளியைவிட்டு நீங்கிய காரணம் என்ற இடத்தில் "நீண்ட நாள் வருகையின்மை" என்று எழுதியிருந்தது. 1983இல் அவர் பெயரை நீக்கியவனும் நான்தான். "சார், இது உங்க கையெழுத்துத்தானுங்க" என்று பெருமையோடு சொன்னார். அந்தப் பெருமையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

நெசவாளர் மகள், சென்னிமலை

ஐயா எழுதியதைப் படித்துக் கண் கலங்கியது. நான் சொல்லப்போவது அத்தனை இதமானது அல்ல.

2001இல் எங்கள் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக் கூரை பற்றி, பக்கத்தில் கீற்று வேய்ந்த மூன்று வகுப்புகளும் எரிந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ஊர் கூடியது. ஒரு பட்டறைக்காரர் தம் விசைத்தறிக் கூடத்தில் எட்டுத் தறிகளில் நான்கைப் பகலில் நிறுத்தி, அந்த இடத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை உட்கார வைத்தார். ஒன்பது வாரம் அங்கேதான் படித்தோம். வீட்டுக்குப் போகும்போது தலையெல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும்.

அந்த நான்கு தறிகளுக்கும் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூல் குச்சி, சுற்றிக் கொடுத்தவர் என் அம்மா. தறி ஓடினால்தான் தாருக்கு வேலை, தாருக்கு வேலை இருந்தால்தான் கூலி. முதல் நாள் காலையில் அந்த நான்கு தறிகளும் நின்று இரைச்சல் குறைந்தபோது ஆசிரியை வருகைப் பதிவேடு வாசித்தார். என் பெயர் வந்தபோது நான் "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நின்றேன். சன்னலுக்கு வெளியே சாப்பாட்டுத் தூக்கோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். வேலை இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தத் தூக்கை வாசற்படியில் எனக்காக வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

புதிய கட்டடம் எழுந்தபோது கல்வெட்டு வைத்தார்கள். பணம் கொடுத்தவர்கள், செங்கல் கொடுத்தவர்கள், இடம் கொடுத்தவர் என எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறது. ஒன்பது வாரக் கூலியைக் கொடுத்தவர்கள் பெயர் இல்லை.

திருப்பூரிலிருந்து ஒருவர்

சகோதரியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பட்டறைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு தறி நின்றால் அவருக்கும் நூல் கடையில் பாக்கி ஏறும், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். அவர் மறுத்திருந்தாலும் ஊர் அவரைக் குறை சொல்லியிருக்காது.

கல்வெட்டு என்பது புகழுக்காக மட்டும் வைப்பது அல்ல. வசூலித்த பணம் எங்கே போனது என்பதற்கு அதுவே ஊருக்கான கணக்கு. எங்கள் ஊர்ப் பள்ளிக்காக நானும் என் அப்பாவும் பனியன் கம்பெனிகளில் ஏறி இறங்கினோம். ஒரு கம்பெனியில் முதலாளி நாளை வரச் சொன்னார். படியிறங்கி வரும்போது தையல் பிரிவில் இருந்த ஒரு பெண் ஓடிவந்து, அங்கிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து போட்ட பணத்தை ஒரு துண்டுத் துணியில் முடிந்து கொடுத்தார். பெயர் கேட்டோம். "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டார். பெயரை விரும்பாமல் கொடுப்பவர்களும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆசிரியை, தாராபுரம் பகுதி

எங்கள் பள்ளி எரியவில்லை. ஆனாலும் இந்த இழையில் எழுத எனக்கு இடமுண்டு என்று நினைக்கிறேன்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் சமையல் கூரையில் பற்றிய தீ மாடி வகுப்புகளின் கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்று அரசு மாநிலம் முழுவதும் நடவடிக்கை எடுத்தது பின்னால் நடந்தது. எங்கள் ஊரில் உத்தரவுக்கு யாரும் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை முழுவதும் எந்த வீட்டிலும் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. ஞாயிறு விடிந்ததும் அரிவாளும் ஏணியுமாக ஆண்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் கூரையைப் பத்து ஆண்டுகளாக வேய்ந்து கொடுத்த பெரியவர்தான் முதல் கட்டை அறுத்தார்.

எங்கள் தலைமையாசிரியை அவர்களைக் கொஞ்சம் நிறுத்தினார். "கூரையைப் பிரிக்கிறதுக்கு முன்னால எல்லாரும் ஒருதரம் உள்ளே வந்து உட்காருங்க" என்றார். எங்கள் வகுப்பில் 43 பிள்ளைகள். 43 பெரியவர்கள் பிள்ளைகளின் பலகைகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். வாசல் ஒன்று, அதுவும் உள்பக்கமாகத் திறக்கும் ஒற்றைக் கதவு. "இப்பத் தீன்னு நினைச்சு வெளியே வாங்க" என்றார்.

முதலில் சிலர் சிரித்தார்கள். வாசலை நெருங்கியதும் தோளோடு தோள் இடித்து, முன்னால் நின்றவர் கதவைத் திறக்க முடியாதபடி பின்னால் வந்தவர்கள் அவரைக் கதவின்மேல் அழுத்தினார்கள். ஒருவர் விழுந்தார். வெளியே வந்த பிறகு வெகுநேரம் யாரும் பேசவில்லை. அன்று மாலைக்குள் கூரையை மட்டுமல்ல, எதிர்ச் சுவரையும் இடித்து இரண்டாவது வாசல் வைத்தார்கள். கதவு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரவு முழுவதும் அந்த ஓட்டையின்மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நான்கு அப்பாக்கள் நின்றார்கள் என்று மறுநாள்தான் தெரிந்தது.

தீயணைப்புத் துறையில் இருந்தவர், பெருந்துறை

என் அனுபவம் சிறியது. ஒரு பள்ளித் தீக்கு வண்டி கொண்டுபோனபோது சந்து குறுகலாக இருந்ததால் உள்ளே நுழைய முடியவில்லை. மூலை வீட்டுக்காரர் நாங்கள் கேட்பதற்கு முன்பே கடப்பாரையை எடுத்து வந்து, அந்த ஆண்டுதான் கட்டிய தம் காம்பவுண்டுச் சுவரைத் தாமே இடித்து வழி விட்டார். அந்தச் சுவருக்கு அவர் ஒருபோதும் பணம் கேட்டதில்லை.

தாராபுரம் ஆசிரியை எழுதிய அந்தச் சோதனையை எல்லாப் பள்ளிகளும் செய்ய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பள்ளி நேரத்தில் எந்த வாசலிலும் பூட்டுத் தொங்கக் கூடாது. பழைய விடைத்தாள்களையும் உடைந்த பெஞ்சுகளையும் மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைக்காதீர்கள். தீயின்போது பிள்ளைகள் இறங்க வேண்டிய வழி அது. எரிவாயு உருளை சமையலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். மின்சாரத் தீ என்றால் முதலில் மெயினை அணையுங்கள், அணைக்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். 101க்கு அழைக்கும்போது ஊர்ப் பெயரோடு வண்டி வரும் பாதையையும் சொல்லி, ஓர் ஆளைச் சாலை முனையில் நிறுத்துங்கள்.

சுவரில் தொங்கும் தீயணைப்பான் அழகுக்கு அல்ல. அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஊசியை உருவி, குழாயைத் தீயின் அடியைப் பார்த்துப் பிடித்து, கைப்பிடியை அழுத்தி, பெருக்குவதுபோல இடமும் வலமுமாக வீச வேண்டும். சுடரின் உச்சியில் அடித்தால் பயனில்லை. புகை சூழ்ந்தால் பிள்ளைகளைக் குனிந்து நகரச் சொல்லுங்கள், நல்ல காற்று தரையோரத்தில்தான் இருக்கும். வெளியே வந்ததும் வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணுங்கள். தீக்காயத்தின்மேல் மஞ்சளோ பற்பசையோ மையோ பூசாமல், இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுங்கள்.

கும்பகோணத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்றும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2009இல் ஆணையிட்டது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்தப் பயிற்சி எப்போது நடந்தது என்று மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தீக்குப் பின்னால் கூடுகிற ஊர் அந்தக் கூட்டத்துக்கும் வர வேண்டும்.

நெசவாளர் மகள், சென்னிமலை

திருப்பூர் அண்ணனுக்கு: பட்டறைக்காரரை நான் பழிக்கவில்லை. அவர் நல்லவர், என் கல்யாணத்துக்கும் வந்தார். ஆனால் தையல் பிரிவுப் பெண்ணிடம் நீங்கள் பெயர் கேட்டீர்கள், அவர் வேண்டாம் என்றார். என் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்காவது ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம்.

பவானியிலிருந்து ஒரு வாசகர்

எங்கள் பள்ளி எரிந்தபோது பிள்ளைகள் உட்காருவதற்கு வீட்டுக்கு ஒரு ஜமக்காளம் வந்தது. அதற்குமேல் என்னிடம் கதை இல்லை. தலைமையாசிரியர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். புதிய பதிவேட்டில் அந்த இளைஞரின் பெயருக்கு நேரே, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோபிசெட்டிபாளையம் வட்டாரம்

அதையேதான் எழுதினேன். சான்றிதழில் உள்ளதை உள்ளபடி பார்த்து எழுத வேண்டுமே தவிர, ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது என்பதுதான் எங்களுக்கு இருந்த கட்டுப்பாடு. அவரும் மற்றவர்களைப் போல மேசைக்குப் பக்கத்தில் நின்று, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொற்களை எழுதும்போது என் பேனா தயங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "அந்த வருசம் எங்கம்மாகூட மஞ்சள் வெட்டுக்குப் போயிட்டனுங்க சார், அப்புறம் வேவிக்க ஆள் பத்தலீங்க" என்று, எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தக் காரணத்தை நான் 1983இலேயே கேட்டிருக்க முடியும். அவருடைய வீடு பள்ளிக்கு இரண்டு வயல் தள்ளித்தான் இருந்தது.