திருப்பாதிரிப்புலியூர் வீடு (குடும்பக் குழு)

செல்வி அத்தை: வியாழக்கிழமை பாண்டியில் ஆபரேஷன். அன்று காலை முதலில் மார்பில் கம்பி வைப்பார்களாம், அப்புறம்தான் தியேட்டர். கம்பி என்றதும் வயிற்றைக் கலக்குகிறது.

முரளி சித்தப்பா: தடவினால் கட்டியே தெரியவில்லை என்று டாக்டரம்மாவே சொன்னார்களே அக்கா. எதைப் பார்த்து வெட்டுவார்கள்?

கவிதா: அதற்குத்தான் கம்பியே, சித்தப்பா. மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், தெரிந்தது உப்புத்தூள் மாதிரி சுண்ணாம்புப் புள்ளிகள். கைக்குச் சிக்காது, அல்ட்ராசவுண்டிலும் பெரும்பாலும் தெரியாது, திறந்து பார்த்தாலும் சர்ஜன் கண்ணில் படாது. அதனால் மேமோகிராம் மெஷினில் மார்பை அழுத்திப் பிடித்தபடி இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசி வழியாக மெல்லிய கம்பியை விடுவார்கள். நுனியில் கொக்கி உண்டு. ஊசியை உருவியதும் அது சதையைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை வெளியே நிற்கும், பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். 1970களிலிருந்தே இருக்கும் முறைதான்.

செல்வி அத்தை: நகர்ந்துவிட்டால்?

கவிதா: இழுபட்டால் நகரலாம். அந்தப் பக்கக் கையை அதிகம் தூக்காதீர்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி போடுங்கள். கம்பி வைத்ததும் மறுபடி படம் எடுப்பார்கள், அதைப் பார்த்துத்தான் சர்ஜன் எங்கே கீறுவது என்று முடிவு செய்வார்.

புவனா சித்தி: ரொம்ப வலிக்குமா?

கவிதா: மரப்பு ஊசி சுருக்கென்று இருக்கும். என்னைக் கேட்டால் மயக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். வெறும் வயிறு, பயம், உட்கார்ந்தே இருப்பது. கண் இருட்டினால் உடனே சொல்லுங்கள் அத்தை. பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பீர்கள், உங்களைத் தெரியாதா!

புவனா சித்தி: (ஃபார்வர்டு) மார்புக் கட்டி கரைய மூன்றே இலை...

முரளி சித்தப்பா: புவனா, இப்போது இது தேவையா?

முரளி சித்தப்பா: கம்பி இல்லாமல் வேறு வழியே கிடையாதா கவி?

கவிதா: காந்த விதை என்று ஒன்று இருக்கிறது. கம்பிக்குப் பதிலாக உள்ளே வைக்கும் குட்டி உலோகத் துண்டு, காந்தக் கருவியால் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். சில நாள் முன்னாடியே வைத்துவிடலாம், வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. ஆனால் செலவு கூடுதல், எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: புள்ளி இருக்கும் இடத்தை மட்டும் எடுப்பது. எடுத்த சதையை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, புள்ளிகள் அதில் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். விட்டுப்போயிருந்தால் அப்போதே இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். பிறகு பயாப்ஸி ரிப்போர்ட் வரும்வரை "என்ன சொன்னார்கள்" என்று யாரும் போன் போட்டுத் துளைக்காதீர்கள்.

முரளி சித்தப்பா: சரி. விடிகாலை 5 மணிக்குக் கார் எடுக்கிறேன். பழைய மேமோகிராம் படமெல்லாம் எடுத்து வை அக்கா.

செல்வி அத்தை: கட்டைப்பையில் வைத்தாயிற்று. புவனா, உன்னிடம் பட்டன் நைட்டி இருக்கிறதா? என்னுடையது எல்லாம் தலைவழியாக மாட்டுவது.