உழுந்து அடிக்கும் மெசினில் உறை இல்லாத சாவ்ற்: என்ன செய்வது?

கேள்வி (நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி):

வணக்கம். நெடுங்கேணிக்கு அப்பால் மூன்று ஏக்கரில் உழுந்து போட்டிருக்கிறேன். போன தை மாதம் உழுந்து அடித்துக்கொண்டிருந்தபோது, உழவு இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து மெசினுக்குப் போகும் சாவ்றில் (சுழலும் இரும்புத் தண்டில்) ஒருவருடைய சாரத்தின் தலைப்புச் சிக்கிவிட்டது. சாரம் பழையது என்பதால் ஒரே இழுவையில் கிழிந்தது, ஆள் தப்பினார். இயந்திரத்தை நிறுத்திப் பார்த்தபோது அந்தத் துணி கயிறு முறுக்கியதுபோல் சாவ்றில் இறுகிக் கிடந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தோம். சாவ்றுக்கு மேல் இருந்த பிளாஸ்ரிக் உறை உடைந்து இரண்டு வருடமாகிறது என்றும், அது இல்லாவிட்டால் கிறீஸ் அடிப்பது சுகம் என்றும் சாரதி சொன்னார். இந்த முறையும் அதே மெசின்தான் வரப்போகிறது, கிட்டடியில் வேறு கிடையாது. உறை இல்லாமல் அடிக்க விடலாமா? கூலிக்கு வருகிறவர்களுக்கு என் காணியில் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?

பதில் 1 (கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துபவர்):

விடக்கூடாது. உழவு இயந்திரத்தின் விசையை மெசினுக்குக் கொடுக்கும், பி.ரி.ஓ. என்று நாங்கள் சொல்லும் அந்த இணைப்பு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றும், அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. சாவ்றின் தடிப்பு ஏழு சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஒரு விநாடிக்குள் ஏறத்தாழ இரண்டு மீற்றர் துணியை அது உள்ளே இழுத்துவிடும். 'ஐயோ' என்று சத்தம் கேட்டுச் சாரதி திரும்பிப் பார்ப்பதற்குள் சாரம் முழுவதும் போய்விடும், அதன் பிறகு இழுபடுவது ஆள்தான். உங்கள் ஆளைக் காப்பாற்றியது பழைய துணி. புதுச் சாரமாக இருந்திருந்தால் நீங்கள் இதை வேறு விதமாக எழுதியிருப்பீர்கள்.

உறையைத் தனியாக வாங்கிப் போடலாம். சாவ்றின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். போட்ட பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு உறையைக் கையால் சுற்றிப் பாருங்கள். அது சாவ்றோடு ஒட்டாமல் தனியே சுற்ற வேண்டும், அதைப் பிடித்துவைக்கும் சின்னச் சங்கிலியும் கொழுவப்பட்டிருக்க வேண்டும். சங்கிலி இல்லாமல் உறையும் சேர்ந்து சுற்றினால், அது இருந்தும் இல்லாததுபோல்தான். மெசின் இறுகி நின்றால் கிளச்சை மிதித்துக்கொண்டு கையை விடுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. திறப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, எல்லாம் அசையாமல் நின்ற பிறகே கிட்டப் போகவேண்டும்.

உடுப்பையும் கவனியுங்கள். பெண்கள் சட்டைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, பொத்தான் பூட்டாமல் வேலை செய்வார்கள். தூசிக்கு அது நல்லதுதான், ஆனால் கைமுனையைப் பூட்டி, கீழ்த் தலைப்பை உள்ளே செருகி, தலையில் கட்டிய துணியின் நுனி தொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்கள் அன்றைக்குச் சாரத்தை விட்டுக் காற்சட்டை போடட்டும்.

பதில் 2 (வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்பவர்):

இப்படிச் சிக்கியவர்களைக் கொண்டுவரும்போது நான் கண்ட ஒரு பிழையைச் சொல்லவேண்டும்: காயத்தில் கோப்பித்தூள் அப்பிவிடுவார்கள். பிறகு அதைக் கழுவி எடுப்பதிலேயே நேரம் போகிறது. சுத்தமான துணியை மடித்து வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடிப்பதுதான் சரியான முதலுதவி. விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐசின் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். விரலை நேரே ஐசில் போடவேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் வயல் கரைக்கு வழி தெரியாமல் அது நின்றுவிடாதபடி, ஒருவரைப் பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துங்கள்.

பதில் 3 (வவுனியா வாசகர்):

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் நடக்கும் விபத்துக்கு நட்டஈடு தரும்படி வேலைகொள்வோரைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நாட்கூலிக்கு வந்தவர் உங்கள் ஆளா, மெசின்காரரின் ஆளா என்ற இழுபறி இங்கேதான் தொடங்கும். யார் கூப்பிட்டார், யார் கூலி கொடுத்தார் என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிவையுங்கள். வேலையாளின் குடும்பத்துக்கு அந்த ஒரு பக்கம் பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மெசின்காரரோடு நேற்றே கதைத்தேன். உறையின் காசில் பாதியை நான் தருவதாகச் சொன்னதும் சம்மதித்தார். மார்கழி கடைசியில் சாவ்றை அளந்து கிளிநொச்சிக்குக் கொண்டுவருகிறோம். சங்கிலியையும் மறக்காமல் கேட்டு வாங்குவோம்.