கரிப்பூரில் ஒரு மழைக்கால லேண்டிங்

கூடலூர் பக்கத்து ஆட்களுக்குக் கோவை விமான நிலையத்தைவிடக் கரிப்பூரிலுள்ள கோழிக்கோடு விமான நிலையம்தான் கிட்டே. நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர், மஞ்சேரி, அவ்வளவுதான். அதனால் வளைகுடாவிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த மலையுச்சி ரன்வேயில்தான் இறங்குவேன்.

அங்கே விமான விபத்து நடந்து சில வருஷம் கழித்து, ஒரு ஜூலை இரவு. ஜன்னலில் மழைத்துளி கீழே வழியாமல் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் இறங்கிய சத்தம் கேட்டது, ரன்வே விளக்குகளும் தெரிந்தன. சட்டென்று இன்ஜின் உறுமி, முதுகு சீட்டோடு ஒட்ட, விமானம் மறுபடி மேலே ஏறியது. பின் சீட்டுக்காரர் கடுப்பாகிவிட்டார். “தரை தெரிஞ்சுச்சே, இறக்கியிருக்கலாம்ல?”

எனக்கு 2020 ஆகஸ்ட் 7 ஞாபகம் வந்தது. துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம். முதல் முறை இறங்க வந்தபோது கேப்டன் பக்கத்து வைப்பர் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. அவரும் முறையாகத் திரும்ப மேலே ஏற்றியவர்தான். அடுத்து எதிர் முனையிலிருந்து வந்தார்; காற்று பின்னாலிருந்து தள்ளியது. 2,700 மீட்டர் ரன்வேயில் கிட்டத்தட்ட பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. துணை விமானி ‘கோ அரவுண்ட்’, அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏற்று என்று சொல்லியும் ஏற்றவில்லை. ஈரத்தில் ஓடி, முனையைத் தாண்டி, சரிவில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போனார்கள். மறுநாள் காலை கேப்டன் ஓட்ட வேண்டிய இன்னொரு விமானம் கோழிக்கோட்டிலிருந்து இருந்தது. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. கொரோனா பயத்தையும் மறந்து பக்கத்து ஊர் கொண்டோட்டிக்காரர்கள் கொட்டும் மழையில் ஆட்களைத் தூக்கி ஓடியதைத் தனியாகவே எழுதலாம்.

இதையெல்லாம் பின் சீட்டுக்காரரிடம் சொல்லவா முடியும்? அந்த உயரத்தில் வைத்து!

எங்கள் விமானி வட்டமடித்துப் பார்த்துவிட்டுக் கொச்சிக்குத் திருப்பிவிட்டார். அங்கே கீழே இறங்க விடாமல் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கேட்டும் வரவில்லை, அந்தக் கோபம் நியாயமானதுதான். மழை விட்டதும் மறுபடி கரிப்பூர். இந்த முறை ரன்வேயின் ஆரம்பத்திலேயே தொப்பென்று வைத்தார். பிரேக் போட்டதில் பெல்ட் வயிற்றை அறுத்தது. ஈரத் தரையில் அப்படி அழுத்தி வைப்பதுதான் முறை, பூப்போல இறக்குகிறேன் என்று மிதக்க விட்டால் ரன்வே கரைந்துவிடும். பின் சீட்டுக்காரருக்கு அதிலும் திருப்தியில்லை. “வண்டி ஓட்டவே தெரியலப்பா இவனுக்கு” என்றார்.