கெண்டி மூக்கு வளைவுல மடிப்பு விழுது

பிளெண்டர்ங்கிற 3D மென்பொருள்ல கெண்டிக்கு மூக்கு பண்றேன். பெசியர் ஸ்ப்லைன் (புள்ளிகளை வெச்சு வளைக்கிற கோடு) வரைஞ்சு, அது குழாயா தடிக்க பெவல் கொடுத்தேன். நுனிகிட்ட திரும்புற இடத்துல உள்பக்கம் கசங்குது. புள்ளி சேர்க்கச் சேர்க்க இன்னும் மோசம். மூணு நாளா இதே வேலை, உதவுங்க.

பதில் 1:
புள்ளியைக் குறைங்க, இந்த மூக்குக்கு 3 போதும். நெருக்கமா வெச்சா புள்ளிகள்ல வளைவைத் திருப்புற பிடியான ஹேண்டில் ஒவ்வொண்ணும் ஒரு திசைக்கு இழுத்து அலை அலையா நெளியும். முக்கியமா, வளைவோட ஆரத்தைவிடக் குழாயோட ஆரம் பெருசா இருந்தா உள்பக்கம் மடியத்தான் செய்யும். எடிட் மோடுல நுனிப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஆல்ட்+எஸ் அழுத்தி ஒடுக்குங்க.

பதில் 2:
1975ல மார்ட்டின் நியூவெல் உருவாக்கின யூட்டா டீபாட்ங்கிற பிரபலமான 3D கெண்டி மாடலும் பெசியர்தான். அந்த மூக்கைப் பாருங்க, அடி அகலம், நுனி ஒடுக்கம்.

கேட்டவர்:
7 புள்ளியை 3 ஆக்கினேன், நுனியை ஒடுக்கினேன். மடிப்பே இல்லை! ரொம்ப நன்றிங்க. வளைவை மெஷ்ஷா (சின்னச் சின்ன முகங்களால ஆன வடிவமா) மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுத்து வெச்சுட்டேன்.