போனைத் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டுமா? சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இலங்கையின் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் பெண் தொழிலாளர்களின் சம்பள முறைப்பாடுகளை எழுதிக்கொடுத்து வருகிறேன். என் கைத்தொலைபேசியில் இருப்பவை என் சொந்த விஷயங்கள் மட்டுமல்ல. அக்காமார் அனுப்பிய சம்பளச் சீட்டுப் படங்கள், கொழுந்து நிறுக்கும்போது கிலோ கழிக்கப்படுவதைச் சொல்லும் குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. "தங்கச்சி, இது வெளியே போகாதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

அண்மையில் என் தோழி ஒருவரிடம், எந்த உத்தரவும் காட்டாமல், போனைத் திறந்து தரும்படி அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். பயத்தில் கொடுத்துவிட்டார்.

விசாரணையே கூடாது என்று நான் சொல்லவில்லை. படங்களை வைத்து ஒரு பிள்ளையை மிரட்டுபவனின் போனைத் திறக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு நீதவானின் கையெழுத்தாவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் பலரைச் சுட்டுக்கொன்ற துப்பாக்கிதாரியின் ஐபோனைத் திறக்க உதவுமாறு 2016இல் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, ஆப்பிள் நிறுவனம் எதிர்த்து வாதாடியது. நம்மிடம் கேட்டால் வாதாட யார் இருக்கிறார்கள்?

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் தகவல் பெற நீதவானின் ஆணையைக் கோருகிறது. அவசரத்துக்கு விலக்கும் வைத்திருக்கிறது. அந்த "அவசரத்தை" யார் தீர்மானிப்பது? கடவுச்சொல்லைச் சொல்ல மறுப்பது குற்றமாகுமா? பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நிலைமை மாறுமா? போனை எடுத்துச் சென்றால் எழுத்தில் பற்றுச்சீட்டு கேட்கலாமா?

நுவரெலியா, ஹட்டன் நீதிமன்றங்களில் தோன்றும் சட்டத்தரணிகள் எவரேனும் இருந்தால் தயவுசெய்து தமிழில் பதில் எழுதுங்கள். அப்படியே அக்காமாருக்கு வாசித்துக் காட்டுவேன்.