புதுப்பிப்பு: மசாலாப் பொடியின் மணம்

வீட்டில் அரைத்த மசாலாப் பொடி சீக்கிரமே மணம் இழக்கிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. மல்லி, சீரகம், மிளகு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறைந்த தீயில் வறுக்கிறேன். சீரகம் சட்டென்று சிவந்துவிடும், மல்லிக்கு நேரம் வேண்டும். வெந்தயத்தில்தான் கண் வேண்டும். கருகினால் மொத்தப் பொடியும் கசக்கும். நன்றாக ஆறிய பிறகே அரைப்பது, இல்லாவிட்டால் டப்பாவுக்குள் வியர்த்துக் கட்டி தட்டும்.

ஆனால் பெரிய வித்தியாசம் அளவில்தான். மணம் தரும் எண்ணெய்கள் எளிதில் ஆவியாகுபவை, அரைத்ததும் இன்னும் வேகமாகப் பறக்கும். அதனால் விதைகளை முழுசாகவே வைத்துக்கொண்டு, கொஞ்சங்கொஞ்சமாக வறுத்து அரைக்கிறேன். அப்புறம், டப்பாவை அடுப்புப் பக்கத்திலிருந்து மாற்றியாயிற்று. ஏலக்காயை மட்டும் வறுக்காமலே சேர்க்கிறேன், எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.